தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்கும் சட்டங்கள்

ஓர் இனத்தைச் சட்டம் போட்டு ஒதுக்க நினைக்கும் அரசு கொஞ்சம் விவரமான அரசாக இருந்தால், அந்தச் சட்டத்தில் எந்த இனத்தின் பேரையும் எழுதாது. பொதுவாக ஒரு தகுதியைச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இடையில் நிற்காத கப்பலில் வந்திருக்க வேண்டும், கட்டடம் செங்கல்லால் கட்டியதாக இருக்க வேண்டும், தாத்தா இங்கே பிறந்திருக்க வேண்டும். படித்துப் பார்த்தால் எல்லாருக்கும் பொருந்துகிற விதி மாதிரியே இருக்கும். யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்கும்போதுதான் சங்கதி புரியும்.

நான் வக்கீல் இல்லை. பழைய தீர்ப்புகளைப் படிக்கும் கிறுக்கு மட்டும் உண்டு. வழக்கு என்ன, இரண்டு தரப்பும் என்ன சொன்னார்கள், நீதிபதி எந்த இடத்தில் சுற்றி வளைக்கிறார் என்று பார்ப்பது துப்பறியும் கதை படிக்கிற மாதிரிதான். அப்படிப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. இனப்பாகுபாடு பற்றிய வழக்குகளில் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக நடக்கும் சண்டை குறைவு. நீதிமன்றம் காகிதத்தை மட்டும் படிக்குமா, வெளியே வந்து தலைகளை எண்ணிப் பார்க்குமா என்பதில்தான் பெரும்பாலான சண்டை.

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலில் இருந்து தொடங்குகிறேன். சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பது வருஷத்தில் நிலைமை மாறியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கி நிலம் பிடித்தார்கள், கடை போட்டார்கள், சிலர் வாக்காளர் பட்டியலிலும் வந்தார்கள். வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1894-ல் நேட்டால் சட்டமன்றம் ஆசிய வம்சாவளியினருக்கு வாக்குரிமை கிடையாது என்று பச்சையாகவே ஒரு மசோதா கொண்டுவந்தது. இளம் வழக்கறிஞராக அங்கே இருந்த காந்தி, பத்தாயிரம் கையெழுத்து வாங்கிக் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு மனு அனுப்பினார். லண்டன் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை.

இதுவரை நல்ல கதை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரிப்பனுக்குப் பின் வந்த ஜோசப் சேம்பர்லெயினுக்கு அந்த விலக்கலில் பெரிய ஆட்சேபம் இல்லை, அதைப் பச்சையாகச் சொன்னதில்தான் ஆட்சேபம். பேரரசில் இந்தியரும் மகாராணியின் குடிகள், அவர்களை நிறம் சொல்லி ஒதுக்கினால் இந்தியாவில் சங்கடம் வரும். ஆகவே 1896-ல் அதே சட்டம் வேறு உடையில் வந்தது. நாடாளுமன்ற முறையில் தேர்தல் நடக்கும் பிரதிநிதித்துவ அமைப்புகள் இதுவரை இல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கும், ஆண்வழியில் அவர்களின் வாரிசுகளுக்கும் புதிதாக வாக்கு கிடையாது. ஆசியா, இந்தியர், கூலி என்ற ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவில் அப்படிப்பட்ட நாடாளுமன்றம் இல்லையே! அதை இல்லாமல் வைத்திருந்ததும் இதே லண்டன்தான். இந்த முறை ஒப்புதல் கிடைத்தது.

1897-ல் நேட்டால் இன்னும் ஒன்று செய்தது. உள்ளே வருகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியின் எழுத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று குடியேற்றச் சட்டம் போட்டது. தமிழில் கணக்கெழுதத் தெரிந்த வியாபாரி இந்தச் சட்டத்தின் கண்ணில் எழுத்தறிவில்லாதவர். அதே வருஷம் குடியேற்ற நாடுகளின் பிரதமர்கள் லண்டனில் கூடியபோது, சேம்பர்லெயின் இந்த நேட்டால் வழியைத்தான் மற்றவர்களுக்கும் எடுத்துக் காட்டினார். யார் மனசும் புண்படாத வாசகமாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

ஆஸ்திரேலியா சொன்னதைக் கேட்டுக்கொண்டது. 1901-ல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வருகிறவருக்கு ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லச் சொல்ல எழுதும் சோதனை வைத்தது. எந்த மொழி என்று அதிகாரி முடிவு செய்வார். ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு, பிரெஞ்சும் தெரிந்தவருக்கு வேறொன்று. 1909-க்குப் பிறகு அந்தச் சோதனையில் ஒருவர்கூடத் தேறவில்லை. 1934-ல் எகோன் கிஷ் என்ற பிராக் நகரத்துப் பத்திரிகையாளர், இடதுசாரி, நாஜிகளுக்கு எதிராகப் பேச வந்தவர், இதே வலையில் மாட்டினார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழி என்ற வகையில் ஸ்காட்டிஷ் கேலிக் வராது என்று நீதிபதிகள் சொல்ல, ஸ்காட்லாந்து வம்சாவளி ஆஸ்திரேலியர்கள் கொதித்துப்போனார்கள். சிரிக்க வைக்கும் வழக்குதான். ஆனால் சோதனை 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது, ஒரு வெள்ளைக்காரரை அதில் மாட்டியபோதுதான் ஊர் சிரித்தது.

கனடாவின் வழி கப்பல் வழி. பிறந்த நாட்டில் இருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் அனுமதி என்று 1908-ல் விதி போட்டார்கள். இந்தியாவில் இருந்து அப்படி ஒரு நேரடிக் கப்பலே ஓடவில்லை. 1914-ல் 376 இந்தியர்களோடு வான்கூவர் போன கோமகட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் கரைக்கு வர விடாமல் நிறுத்தப்பட்டுத் திரும்பிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது தாத்தாக்களுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், 1870-ல், நிறத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அரசமைப்பில் திருத்தம் வந்தது. ஓக்லஹோமா மாநிலம் 1910-ல் எழுத்தறிவுச் சோதனை கொண்டுவந்தது. வெள்ளையர்களிலும் படிக்காதவர்கள் ஏராளம், அவர்களைக் காப்பாற்ற ஒரு விலக்கு வேண்டுமே. 1866 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் சோதனை வேண்டாம் என்று எழுதினார்கள். 1866-ல் கறுப்பர்களின் தாத்தாக்களுக்கு வாக்கு ஏது? 1915-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எட்வர்ட் வைட், இளம் வயதில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர். அந்தத் தேதியை எதற்காகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பது அவருக்கு யாரும் விளக்க வேண்டியதாக இருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பிரிட்டனின் முறை 1968-ல் வந்தது. கென்யாவில் இருந்த இந்திய வம்சாவளியினர் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. கென்யா சுதந்திரம் பெற்றபின் அவர்கள் வாழ்க்கை நெருக்கடியாகி, பிரிட்டனுக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். உடனே நாடாளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பாஸ்போர்ட் இருந்தால் போதாது, பெற்றோரில் அல்லது தாத்தா பாட்டியில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்தோ குடியுரிமை பெற்றோ இருக்க வேண்டும். கென்யாவில் இருந்த வெள்ளைக்காரருக்கு அப்படி ஒரு பாட்டியாவது இருப்பார், பக்கத்து வீட்டு குஜராத்திக் கடைக்காரருக்கு இருக்க மாட்டார். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973-ல் இதை ஊடுருவிப் பார்த்து, இன அடிப்படையில் இப்படி ஒதுக்குவது மனிதர்களை இழிவாக நடத்துவதே என்று அறிக்கை எழுதியது. அந்த அறிக்கை 1994 வரை வெளியிடப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாத்தாவோடு நிற்காமல் கொள்ளுத் தாத்தா வரை போனது இலங்கை.

1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1948 நவம்பர் 15-க்கு முன்னால் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தானே இலங்கையில் பிறந்ததற்கு மதிப்பு கிடையாது. மலையகத் தமிழர்கள் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. காப்பித் தோட்டக் காலத்தில் இருந்து, பிறகு தேயிலைக்காக, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. 1952-ல் ஒன்றும் இல்லை.

இந்தச் சட்டத்தைப் படித்தபோது அது கேட்கும் சான்றுகளை எனக்கே பொருத்திப் பார்த்தேன். அப்பாவின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிக்கொண்ட தேதி. தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பதற்கு வீட்டுப் பெரியவர்களின் பேச்சைத் தவிர எழுத்தில் ஒன்றும் இல்லை. கொள்ளுத் தாத்தாவின் பேரையே யாரிடமாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும். என்னிடம் இது ஒரு குறையாக ஒருநாளும் இருந்ததில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. அங்கேயும் அதேதான். சிங்களக் கிராமங்களில் எத்தனை வீட்டில் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? அவர்களிடம் கேட்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், 'காட்டு' என்று கை நீட்டியது ஒருத்தரிடம் மட்டும்.

கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இதில் இருந்துதான் வந்தது. வாக்காளர் பட்டியலில் தன் பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் முடிவு சொன்னார். அப்போது இலங்கையில் இருந்த சோல்பரி அரசமைப்பின் 29-ஆம் பிரிவு, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்துக்கு மட்டும் சட்டம் போட்டு உண்டாக்கக் கூடாது என்கிறது, ஆகவே இந்தச் சட்டம் செல்லாது என்பது அவர் எடுத்த நிலை. இலங்கை உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. வழக்கு கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1953-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு சின்னதுதான், இரண்டு முறை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். நேரடியாகச் செய்யக் கூடாததைச் சுற்றுவழியில் செய்யும் சட்டமும் செல்லாது என்று கொள்கை அளவில் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொள்கிறது. கதவு திறக்கப் போகிறது என்று நினைக்கும்போது, யார் குடிமகன் என்று தீர்மானிப்பது எந்த நாடும் இயல்பாகச் செய்வதுதான் என்கிறது. இந்தியத் தமிழர்களின் இடம்பெயரும் வழக்கம், அவர்கள் குடிமக்களாகத் தகுதி உள்ளவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையதாம். ஆனால் ஒரு சமூகம் என்ற முறையில் அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம். ஒரே வாக்கியத்துக்குள் ஒரு சமூகத்தின் பேரைச் சொல்லி, அதன் வழக்கம் இது என்று சொல்லி, இது அந்தச் சமூகத்தைப் பற்றியது இல்லை என்றும் சொல்ல முடிந்திருக்கிறது. கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனது யார் என்ற கேள்வி எழவே இல்லை.

1949-ன் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால் குடியுரிமை கிடைக்குமே என்பதும் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போனதில், கடைசியில் கிடைத்தது 1.34 லட்சம் பேர் அளவுக்கு. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மிச்சம் இருந்தவர்களைப் பங்கு பிரித்தார்கள், 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் வந்தது 2003-ல்.

அந்தப் பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு 67 வருஷம் முன்னால், 1886-ல், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சலவைக் கடை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான தீர்ப்பு இல்லை.

நகரச் சட்டம் சொன்னது இவ்வளவுதான்: செங்கல் அல்லது கல் கட்டடத்தில் இல்லாத சலவைக் கடை நடத்த நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும். காரணம் தீ விபத்து பயம். நியாயமான காரணம், மரத்தால் கட்டிய நகரம் அது. நகரில் சுமார் 320 சலவைக் கடைகள் இருந்தன. அதில் 240 அளவுக்குச் சீனர்களுடையவை. 310 கடைகள் மரக் கட்டடத்தில் இருந்தன, அதாவது சீனர், வெள்ளையர் என்று பார்க்காமல் எல்லாருடைய கடையும் மரம்தான்.

யிக் வோ என்ற பேரில் வழக்கில் வருபவர் அதே இடத்தில் 22 வருஷமாகத் துணி வெளுத்தவர். தீயணைப்பு மேற்பார்வையாளர்கள் வந்து அடுப்பையும் துணி உலர்த்தும் ஏற்பாட்டையும் இஸ்திரிப் பெட்டி சூடாக்கும் இடத்தையும் பார்த்து, ஆபத்து இல்லை என்று சான்று கொடுத்திருந்தார்கள். சுகாதார அதிகாரியின் சான்றும் கையில் இருந்தது. ஆக, தீ பயம் தீர்ந்தது. அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. மூடாமல் நடத்தியதற்கு 10 டாலர் அபராதம், கட்டாததால் சிறை. அவரோடு சேர்ந்து விண்ணப்பித்த 200 சீனர்களுக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேர் கேட்டதில், ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அனுமதி. அவர்கள் கடைகளும் மரம்தான்.

நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் இந்த எண்களைத் தீர்ப்பில் எடுத்து வைத்தார். வாசகத்தில் நடுநிலையாக இருந்தாலும், தீய கண்ணோடும் சமமில்லாத கையோடும் நடைமுறைப்படுத்தப்படும் சட்டம் சம உரிமையை மறுப்பதுதான் என்றார். குழுவில் யார் சீனரை வெறுத்தார், எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்ற ஆதாரம் எதையும் அவர் கேட்கவில்லை. 200-க்குப் பூஜ்யம், 80-க்கு 79. வேறு விளக்கம் இருந்தால் நகராட்சி சொல்லட்டும், சொல்லவில்லையே என்று முடித்துவிட்டார். இன்னொன்றும் உண்டு. மனுதாரர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. அந்தக் காலச் சட்டப்படி சீனர் ஒருவர் குடியுரிமை பெறவே முடியாது. இருந்தாலும் அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் குடிமகனுக்கு என்று சொல்லவில்லை, எந்த நபருக்கும் என்றுதான் சொல்கிறது, ஆகவே இவருக்கும் உண்டு என்றது நீதிமன்றம். இந்திய அரசமைப்பின் 14-ஆம் பிரிவும் குடிமக்களோடு நிற்காமல் எந்த நபருக்கும் சட்டத்தின் முன் சமத்துவம் உண்டு என்கிறது.

ஒரு சோகமான நகைச்சுவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யிக் வோ என்பது கடையின் பேர், ஆளின் பேர் லீ யிக் என்று சொல்வார்கள். சமத்துவத்துக்கான மிகப் பெரிய தீர்ப்புகளில் ஒன்று, வென்றவரின் பேரைச் சரியாகக் கேட்டு எழுதாத தீர்ப்பு. சான்பிரான்சிஸ்கோவில் இன்று யிக் வோ பேரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது.

சரி, 1886-லேயே எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்ட நீதிமன்றம் அதன் பிறகு அப்படியே போயிருக்கும் என்று நினைத்தால், 1987-ல் மெக்ளெஸ்கி வழக்கு வருகிறது. ஜார்ஜியா மாநிலம். வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பர், ஒரு கொள்ளையின்போது வெள்ளைக்காரக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகத் தீர்ப்பாகி மரண தண்டனை பெற்றவர். அவர் தரப்பு நீதிமன்றத்தில் ஓர் ஆய்வை வைத்தது. டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் ஜார்ஜியாவின் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளைக் கோப்பு கோப்பாகப் புரட்டியிருந்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்த வழக்குகளில் 11 சதவீதத்தில் மரண தண்டனை, கறுப்பராக இருந்தால் 1 சதவீதம். குற்றத்தின் கொடூரம், பழைய தண்டனைகள் என்று இனம் அல்லாத 39 காரணங்களைக் கழித்த பின்னும், வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு.

நீதிமன்றம் ஆய்வைப் பொய் என்று சொல்லவில்லை. சரி என்றே வைத்துக்கொண்டாலும், மெக்ளெஸ்கியின் வழக்கில் அந்த 12 ஜூரிகளோ அரசு வழக்கறிஞரோ இன வெறுப்போடுதான் முடிவெடுத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், இந்த வாதத்தை ஏற்றால் குற்றவியல் நீதி முறை முழுவதையும் கேள்வி கேட்க வேண்டிவரும் என்று கவலைப்பட்டார். மாறுபட்டு எழுதிய வில்லியம் பிரென்னன், நீதி அளவுக்கு மீறிக் கிடைத்துவிடுமோ என்ற பயம் இது என்றார்.

பவலின் கவலையைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எந்தச் சட்டமும் எல்லார் மேலும் ஒரே அளவில் விழாது. ஒரு தேர்வு வைத்தால் சிலர் அதிகம் தேறுவார்கள், ஒரு வரி போட்டால் சில ஊர் மக்கள் அதிகம் கட்டுவார்கள். வித்தியாசம் தெரிந்த உடனே சட்டத்தை ரத்து செய் என்றால் ஒரு சட்டமும் மிஞ்சாது. நியாயம்தான். ஆனால் எண்ணிக்கை ஒரு கேள்வியை எழுப்பும்போது, பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்பதில்தான் நான் பவலோடு பிரிகிறேன். சலவைக் கடைக்காரரிடம், குழு உறுப்பினரின் நெஞ்சைக் கிழித்து வெறுப்பைக் காட்டு என்று மேத்யூஸ் கேட்கவில்லையே. அதிகாரம் வைத்திருப்பவன்தான் தன் எண்ணிக்கைக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஆவணமும் அவனிடம்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, பேர் சொல்லாத சட்டம்தான் மோசம், சொல்கிற சட்டம் நேர்மையானது என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடாது. பேர் சொல்லி அடித்ததற்கு நம் பக்கத்திலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் இருக்கிறது. 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்குச் சான்று. வயது வந்த ஆண்கள் காவல் நிலையத்தில் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதனால் மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 15-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1947-ல் மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. அதில் எந்தச் சாதியும் இல்லை. சேம்பர்லெயின் இருந்திருந்தால் சபாஷ் என்றிருப்பார்.

இன்னொரு பக்கம், பேர் சொல்லியே கொடுக்கிற சட்டமும் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை கல்லூரி இடங்களை 14 பங்காக்கி, இன்ன வகுப்புக்கு இத்தனை என்று எழுதி வைத்திருந்தது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாதி பார்த்து இடம் மறுக்கக் கூடாது என்று அரசமைப்பு சொல்கிறது, முடிந்தது வழக்கு. பெரியார் தொடங்கி ஊரே கொந்தளித்து, சில மாதங்களிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது. காகிதத்தை மட்டும் படித்தால் ரேகைச் சட்டமும் வகுப்புவாரி ஆணையும் ஒரே வகை, இரண்டிலும் சாதிப் பேர் இருக்கிறது. யாரிடம் இருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறது என்று பார்க்காதவரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது 'சட்டத்துக்குக் கண் தெரியக் கூடாது' என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களிடம் நான் நேட்டாலையும் ஓக்லஹோமாவையும் சொல்வதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாகச் சொல்லப்பட்ட சட்டங்கள் எவ்வளவு குறி பார்த்து அடித்திருக்கின்றன!

எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதில் ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. எண்ண வேண்டுமென்றால் முதலில் பதிய வேண்டும். பதிவேடு இருந்தால் அதை யார் எதற்கு எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டில் மதம் என்று ஒரு பத்தி சாதாரணமாகத்தான் இருந்தது. நாஜிகள் வந்தபோது அது ஆள் தேடும் பட்டியலானது, அந்த நாட்டு யூதர்களில் முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள். ருவாண்டாவில் பெல்ஜியர்கள் அடையாள அட்டையில் இனத்தை எழுதி வைத்தது 1994-ல் சாலைத் தடுப்புகளில் யார் உயிரோடு போகலாம் என்று தீர்மானித்தது. பிரான்ஸ் இந்த விஷயத்தில் மிகக் கறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்பதே இல்லை, 2007-ல் இன அடிப்படையிலான புள்ளிவிவரத்துக்கு வழி செய்யப் பார்த்த ஒரு சட்டப் பிரிவை அவர்களின் அரசமைப்பு மன்றம் நீக்கிவிட்டது. கொள்கை அழகாக இருக்கிறது. ஆனால் போலீஸ் தெருவில் யாரை நிறுத்திச் சோதிக்கிறது என்ற கேள்வி அங்கே வந்தால், கையில் எண் இருக்காது.

எனக்கு இதில் எண்ணும் பக்கம்தான். எண் வெளியே வர வேண்டும், பேரும் முகவரியும் உள்ளேயே பூட்டி இருக்க வேண்டும், கணக்கெடுப்பின் தனிநபர் படிவம் எந்தக் காவல் நிலையத்துக்கும் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஜார்ஜியாவின் கோப்புகளில் கொல்லப்பட்டவரின் இனம் எழுதப்பட்டிருக்காவிட்டால், அந்த 11-ம் 1-ம் யாருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை பேச்சுக்கும் அசையாதவர்கள் அந்த இரண்டு எண்ணுக்கு முன்னால்தான் கொஞ்சம் நெளிந்தார்கள்.

லூயிஸ் பவலும் நெளிந்தவர்களில் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகு, 1991-ல், எந்த வழக்கிலாவது உங்கள் வாக்கை மாற்றிப் போடுவீர்களா என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, மெக்ளெஸ்கி வழக்கில் என்றார். அந்த ஐந்து நான்காகி, நான்கு ஐந்தாகியிருக்கும். அதே வருஷம் செப்டம்பரில் மெக்ளெஸ்கிக்குத் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

நீதிமன்றம் மூடிய வழியைச் சில சட்டமன்றங்கள் பிறகு திறந்து பார்த்தன. வட கரோலினா 2009-ல் மரண தண்டனை வழக்குகளில் புள்ளிவிவரத்தையே ஆதாரமாகக் காட்டலாம் என்று சட்டம் போட்டது. 2012-ல் நான்கு பேருக்கு அதன்படி தண்டனை ஆயுளாகக் குறைந்தது, 2013-ல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். கலிபோர்னியா 2020-ல் இன்னும் ஒரு படி போய், மரண தண்டனையோடு நிற்காமல் எல்லாக் குற்ற வழக்குக்கும் அதைக் கொண்டுவந்தது. உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த மாவட்டத்தில் இதே மாதிரி குற்றத்துக்கு மற்ற இனத்தவர் மீது என்ன குற்றச்சாட்டுப் பதிவானது, எவ்வளவு தண்டனை கிடைத்தது என்று கணக்குக் கேட்டு, அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் இருந்து ஆவணத்தைப் பெறவும் வழி இருக்கிறது. யிக் வோ சலவைக் கடை இருந்ததும் கலிபோர்னியாவில்தான்.